153-க்கு எத்தனை பட்டங்கள்?

ஒரு முழு எண்ணை எடுத்துக்கொண்டு அதன் பண்புகளை ஒன்றுவிடாமல் பட்டியலிடுவது எண் கோட்பாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இவ்வழக்கத்தின் பயனும் பழுதும் 153 என்னும் எண்ணில் ஒருசேரத் தெரிகின்றன. 1 முதல் 17 வரை கூட்டினால் 153 வருவதால், அத்தனை கற்களை வரிசைக்கு ஒன்று கூட்டி முக்கோணமாக அடுக்க முடியும். ஆகவே அது முக்கோண எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளான 1, 3, 9, 17, 51 ஆகியவற்றின் கூடுதலான 81, 153-ஐ எட்டாததால் அது குறை எண். தன் இலக்கங்களின் கூடுதலான 9-ஆல் மீதியின்றி வகுபடுவதால், தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் வகுத்த ஹர்ஷத் எண்களிலும் அதற்கு இடமுண்டு. இவற்றைவிடப் பெயர்பெற்ற பண்பு ஒன்றுண்டு: 1, 5, 3 என்னும் இலக்கங்களின் கனங்களான 1, 125, 27 ஆகியவற்றைக் கூட்டினால் அதே 153 கிடைக்கிறது.

இப்பட்டங்கள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல. 153 கற்களை எந்த முறையில் எண்ணி எழுதினாலும் அவை முக்கோணமாக அமையும். ஆனால் பத்துக்குப் பதிலாக எட்டை அடிமானமாகக் கொண்டு எழுதினால் அவ்வெண் 231 என்றாகி, கனங்களின் கூடுதல் 36-ஆகச் சுருங்குவதோடு, இலக்கக் கூடுதலான 6 அதை வகுக்காததால் ஹர்ஷத் பட்டமும் பறிபோகிறது. முக்கோண எண்ணோ கோட்பாட்டுக்குள் ஆழ வேரோடியது: எந்த இயல் எண்ணையும் மூன்றுக்கு மிகாத முக்கோண எண்களின் கூடுதலாக எழுதலாம் என்று காஸ் 1796-இல் நிறுவினார்.

கணிதவியலாளர் ஹார்டி, 1940-இல் வெளியான தம் நூலில், 1-ஐத் தவிர 153, 370, 371, 407 ஆகிய நான்கு மட்டுமே இவ்வாறு இலக்கக் கனங்களின் கூடுதலாக அமைவன என்று காட்டி, இது புதிர்ப் பகுதிக்கு ஏற்றதேயன்றிக் கணிதத்துக்குரிய கனம் இதற்கில்லை என்று ஒதுக்கினார். அத்தீர்ப்பு பெரும்பாலும் சரியே எனினும் சற்றே அவசரமானது. மூன்றால் வகுபடும் எந்த இயல் எண்ணிலிருந்து தொடங்கி இலக்கக் கனங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டினாலும் 153-இல்தான் வந்து நிற்கும். 12-இல் தொடங்கினால் 9, 729, 1080, 513, பிறகு 153. காரணம் எளிது. ஓர் எண்ணுக்கும் அதன் கனத்துக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் மூன்றால் வகுபடுமாதலால், மூன்றின் மடங்கு என்னும் தன்மை வழியில் அழிவதில்லை. ஐந்திலக்க எண்ணின் கனக் கூடுதல்கூட 3645-ஐத் தாண்டாதாகையால், எவ்வளவு பெரிய எண்ணும் விரைவில் சிறுத்துவிடுகிறது. எஞ்சுவது வரம்புக்குட்பட்ட சில ஆயிரம் எண்களைச் சரிபார்க்கும் வேலைதான். வேடிக்கையாகத் தொடங்கியது இங்கே நிறுவலாக முடிகிறது. பட்டியலிடுவோர் இந்த இரண்டாம் படிக்கு ஏறாமல் நின்றுவிடுவதே குறை.

இன்னொரு குறை, தற்செயலைக் குறிப்பாகக் கொள்வது. யோவான் நற்செய்தியில் வலையில் சிக்கிய மீன்கள் 153 என்பதற்கு, பத்துக் கட்டளைகளையும் தூய ஆவியின் ஏழு கொடைகளையும் கூட்டிப் பதினேழாக்கி அகஸ்டின் விளக்கம் தந்தார். சிறிய எண்கள் சிலவே, அவற்றின் மேல் சுமத்தப்படும் வேலைகளோ பல என்று 1988-இல் ரிச்சர்ட் கை சுட்டியது இத்தகைய பொருத்தங்களுக்கும் பொருந்தும்.

இராமானுஜன் ஹார்டியிடம் எடுத்துக்காட்டிய 1729, இரு கனங்களின் கூடுதலாக இரு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண். எட்டின் அடிமானத்தில் 3301 என்று எழுதினாலும் அச்சிறப்பு குன்றுவதில்லை. பத்தின் அடிமானத்தில் 1729-உம் ஹர்ஷத் எண்தான். அதற்காக அதை நினைவில் வைத்திருப்போர் அரிது.