அசிட்டோனுக்கு ஒரு ஜே!

பழைய காசு சேர்க்கிற யார் வீட்டுக்குப் போனாலும் ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். என் வீட்டுக்கு வந்தால் முதலில் அசிட்டோன் பாட்டிலைத்தான் காட்டுவேன். ஆல்பம் அப்புறம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்தத் தண்ணீர் மாதிரி இருக்கும் திரவத்துக்குக் கோயில் கட்டினால் முதல் கல் என்னுடையது!

1918-ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. எடை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. யாரோ அதை வழவழப்பான பிளாஸ்டிக் உறையில் போட்டு வருஷக்கணக்கில் பூட்டி வைத்திருக்கிறார்கள். மன்னர் முகமெங்கும் பச்சைப் பிசுக்கு. விரல் பட்டால் ஒட்டும். வெள்ளிக்காசில் பச்சை எப்படி வரும் என்று கேட்கலாம். அந்த உறை பிவிசி. நாளாக ஆக அதை வளைய வைப்பதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கசியும். பிளாஸ்டிக்கும் சிதைந்து அமிலத்தை விடும். அது காசில் கலந்திருக்கும் செம்பைப் பிடித்துத் தின்ன ஆரம்பித்துவிடும்.

லேப் கெமிக்கல் கடையில் வாங்கிய சுத்தமான அசிட்டோனைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவுக்கு ஊற்றி, கண்ணாடித் தட்டால் மூடிவிட்டேன். தேய்ப்பு கிடையாது, பிரஷ் கிடையாது. கொஞ்ச நேரத்தில் காசின் ஓரத்திலிருந்து பிசுக்கு நெளிந்து நெளிந்து இறங்குகிறது பாருங்கள், அதைப் பார்க்கவே டிக்கெட் போடலாம்! பிறகு அந்த அழுக்கு அசிட்டோனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி ஒரு அலசல். இதை விட்டுவிட்டால் கரைந்த பிசுக்கு காய்ந்து மறுபடி காசிலேயே படியும். மூங்கில் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து எடுத்து, மெத்தென்ற பருத்தித் துணியில் வைத்தால் போதும். கண்மூடித் திறப்பதற்குள் தானே உலர்ந்துவிடும்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். மன்னரின் அங்கியில் குட்டியாக ஒரு யானை உண்டு. 1911-இல் வந்த முதல் அச்சில் அதன் தும்பிக்கை குட்டையாகிப் போய், பன்றி மாதிரி தெரிகிறது என்று முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அரசாங்கம் காசைத் திரும்பப் பெற்று உருக்கியது. அடுத்த வருஷம் தும்பிக்கையை நீட்டித் திருத்தினார்கள். அந்தத் திருத்திய தும்பிக்கை, பச்சைக்குள் புதைந்து கிடந்தது, இப்போது மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது! காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்தால் ஒரு ஒளிக்கீற்று சக்கரம் போலச் சுற்றி வருகிறது. அச்சின் அடி விழும்போது உலோகம் ஓடிய நுண்ணிய கோடுகள்தான் அந்த மினுமினுப்பு. ஒருமுறை தேய்த்துவிட்டால் பிரம்மாவே வந்தாலும் திரும்பாது. அசிட்டோன் அதைத் தொடவே இல்லை!

எண்ணெய், பசை, டேப்பின் ஒட்டு, பிவிசிப் பிசுக்கு இவற்றை மட்டும் கரைத்துவிட்டு உலோகத்தை விட்டுவிடுகிற அந்த நாகரிகம் வேறு எதற்கு உண்டு? நகப்பூச்சு அழிப்பான் போதாதா என்று கேட்காதீர்கள். அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு. அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் கூடாது, பல வகைகள் கரைந்துவிடும்.

செப்புக்காசின் களிம்பை அது எடுக்காது. எடுக்கவும் வேண்டாம். செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவ மலம் என்று உவமை சொல்லி, அது நீங்க வேண்டும் என்பார்கள் சைவ சித்தாந்திகள். அவர்கள் சொல்வதை உயிருக்கு வைத்துக்கொள்வோம். காசுக்குக் களிம்புதான் சட்டை. ஒரு பக்கம் நின்றும் மறுபக்கம் உட்கார்ந்தும் இருக்கிற உருவத்தோடு, நாகரி எழுத்தில் பெயர் பொறித்த ராஜராஜன் செப்புக்காசில் கரும்பச்சையாய், வழவழவென்று, கல் மாதிரி இறுகியிருக்கும் அந்தப் படிவைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். மண் மட்டும் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றிக்கொண்டே இருந்து, மழுங்கிய மரக்குச்சியால் நெம்பினால் உதிரும். போர்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பே செம்புக்கு எமன்.

ஆனால் வெளிர்பச்சைப் பொடி தட்டினால் உதிர்கிறதா? அது வேறு சமாசாரம். உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செம்பைத் தின்று மறுபடி பொடியாகி, மறுபடி தின்னும். அந்தக் காசை உடனே தனியே பிரித்து, உலர்வாக வையுங்கள். நல்ல காசென்றால் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

புளி, விபூதி, பற்பசை, பித்தளைப் பொடி பற்றி என்ன சொல்ல? குத்துவிளக்குக்கு அவை அமிர்தம். 108 தாமரைக் காசு வைத்து லட்சுமி பூஜை செய்கிற வீடுகளில் தாமரை பொறித்த அந்த இருபது பைசாக்கள் தேய்த்துத் தேய்த்துத் தங்கமாய் மின்னும். பூஜைக்கு அழகு, சேகரிப்புக்கு அவை செத்த காசுகள். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தர நிர்ணய நிறுவனங்கள் தேய்த்த காசை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்து, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று முத்திரை குத்திவிடும்.

சுத்தம் செய்தாயிற்று, பத்திரமும் வேண்டுமே. பாலியெஸ்டர் ஜன்னல் வைத்த இரண்டு அங்குல அட்டை எனக்குப் பிடித்தது. ஸ்டேப்ளர் பின்னை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பக்கத்து அட்டையில் இருக்கும் காசைக் கீறும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மர அலமாரியைவிட இரும்பு பீரோ மேல். சென்னைப் புழுக்கத்துக்கு உள்ளே சிலிக்கா ஜெல் கட்டாயம். ஆரஞ்சு மணிகள் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம், சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படவே கூடாது.

உறை பிவிசிதானா என்று பார்க்க ஒரு ஜாலியான சோதனை உண்டு. செப்புக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வெறும் உறையின் ஓரத்தில் தொட்டு, திரும்பத் தீயில் காட்டுங்கள். பச்சையாய் எரிந்தால் உள்ளே குளோரின். மொட்டைமாடியில், அசிட்டோனை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

அவ்வளவு சிரமப்பட முடியாது என்றால், இன்றைக்கு ராத்திரியே ஆல்பத்தைத் திறந்து உறையை மோந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாடை அடித்தால், காசுகளை உடனே வெளியே எடுத்து வையுங்கள்.