மெதுவாக ஓடப் பழகும் குதிரை

பந்தயக் கதை என்றால் யார் ஜெயிப்பார்கள் என்ற கேள்விதான் பக்கங்களைப் புரட்டவைக்கும். தென்கொரிய எழுத்தாளர் சொன் சொன்ரான் அதைத் தொடக்கத்திலேயே ஓரங்கட்டிவிடுகிறார். ‘ஆயிரம் நீலங்கள்’ நாவல் ஆரம்பிக்கும்போதே ஜாக்கி குதிரையிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. அந்த ஜாக்கி ஒரு ரோபோ. தரையைத் தொட மூன்று நொடிதான். பதற்றமே இல்லாமல் தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறது.

2019இல் கொரிய அறிவியல் இலக்கிய விருதின் நாவல் பிரிவில் முதல் பரிசு பெற்று, 2020இல் நூலாக வந்த படைப்பு இது. கதை நடப்பது 2035இல். எடை குறைந்த, விழுந்தாலும் வழக்குப் போடாத ரோபோக்கள் மனித ஜாக்கிகளின் இடத்தைப் பிடித்துவிட்டன. குதிரைகள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் ஓடுகின்றன.

இது வெறும் கற்பனையும் அல்ல. ஒட்டகப் பந்தயத்தில் சிறுவர்களை ஏற்றிய கொடுமைக்கு எதிர்ப்பு வலுத்து, 2005 வாக்கில் கத்தாரும் ஐக்கிய அரபு அமீரகமும் ரோபோக்களை ஒட்டக முதுகில் ஏற்றின. அங்கே இயந்திரம் பிள்ளைகளைக் காப்பாற்றியது. சொன்ரானின் நாவல் அடுத்த கேள்விக்குப் போகிறது: மேலே இருப்பவருக்கு வலிக்காது என்று ஆனபின், கீழே ஓடுவதன் வலியை யார் கவனிப்பது?

அந்த ரோபோ ஓட்டிய டுடே என்ற கறுப்புப் பெண்குதிரையின் மூட்டுகள் ஓடி ஓடியே தேய்ந்துவிட்டன. நாலுகால் பாய்ச்சலில் குதிரையின் மொத்த பாரமும் ஒரு கணம் ஒற்றை முன்னங்காலில் இறங்கும். முழங்காலுக்குக் கீழே தாங்கிக்கொள்ளத் தசை கிடையாது, எலும்பும் தசைநாணும்தான். ஓட முடியாத குதிரைக்குப் பந்தய மைதானத்தில் இடமில்லை, ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். விழுந்து இடுப்புக்குக் கீழே நொறுங்கிய ரோபோவுக்கோ பழைய இரும்புக் கடைதான் கதி. யோன்ஜே என்ற பள்ளி மாணவி அதைக் காசு கொடுத்து வாங்கி வருகிறாள். உடம்பு பச்சை நிறம் என்பதால் ப்ராக்கோலியிலிருந்து கோலி என்று பெயர் வைக்கிறாள்.

தவறுதலாகப் பொருத்தப்பட்ட ஒரு சில்லினால் கோலிக்கு ஆயிரம் சொற்கள் தெரியும். ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். சொல் குறைவு என்பதால் கோலி எதையும் சுற்றிவளைத்துச் சொல்வதில்லை, சமாதானம் சொல்லி மழுப்புவதும் இல்லை. தெரியாததை நேராகக் கேட்டுவிடுகிறது. தீயணைப்பு வீரரான கணவரை இழந்து உணவகம் நடத்தும் தாய், சக்கர நாற்காலியில் குதிரை லாயத்துக்குப் போய்வரும் அக்கா என்று யோன்ஜேயின் வீட்டில் ஆளுக்கொரு மௌனம். ஒருவரிடம் ஒருவர் சொல்லாததை இந்த இயந்திரத்திடம் சொல்லிவிடுகிறார்கள். டுடே சந்தோஷமாக இருக்கிறதா என்பதைக்கூடக் கோலி யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. முதுகின் அதிர்விலிருந்தே படித்துக்கொள்கிறது.

அத்தியாயத்துக்கு அத்தியாயம் பார்வை மாறுவதால் கதை நின்று நின்று நகர்கிறது. அதுவும் கணக்குப் போட்டுச் செய்ததுதான். டுடேயை மறுபடி ஓடவைக்க இவர்கள் போடும் திட்டமே மெதுவாக ஓடப் பழக்குவது. ஜெயிப்பதற்காக இல்லாத ஒரு ஓட்டத்துக்கு நம்மை நகம் கடிக்கவைப்பது லேசான வித்தை இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கதையில் வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். குதிரைகளைக் கசக்கிப் பிழியும் பந்தய வியாபாரத்தின் முகம் மங்கலாகவே தெரிகிறது. கடைசிப் பகுதிகளில் கண்ணீருக்கும் கொஞ்சம் அவசரம்.

ஆனாலும் ரோபோக் கதைகளில் தேய்ந்துபோன ஓர் ஆசையை நாவல் தொடவே இல்லை. கோலிக்கு மனிதனாக வேண்டும் என்ற ஏக்கம் கிடையாது. ரோபோவாகவே இருந்துகொண்டு, தன்னைச் சுமந்த குதிரை நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் விரும்புகிறது. பதின்வயதினரின் கையில் இந்த நாவலைத் தைரியமாகக் கொடுக்க எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.