சொல்லாமல் விடப்பட்டவை: லாரா இங்கல்ஸ் வைல்டரின் சிறார் வரலாற்றுப் புதினங்களில் குடும்பமும் நிலமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறிய ஒரு குடும்பத்தின் வாழ்வைக் கூறும் லாரா இங்கல்ஸ் வைல்டரின் சிறார் புதினங்கள் வரலாற்றிலிருந்து எவற்றை ஏற்றன, எவற்றை விலக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விலக்கப்பட்டவை குழந்தை வாசகரின் மென்மையைக் கருதி மட்டும் விலக்கப்படவில்லை. பிறர் துணையின்றித் தானே வாழும் குடும்பம் என்னும் கருத்தைக் காப்பதும் அவ்விலக்கலின் பயனாக அமைந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

முன்னுரை

வைல்டரின் (1867–1957) முதற்புதினமான ‘லிட்டில் ஹவுஸ் இன் த பிக் வுட்ஸ்’ 1932இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 65. 1943க்குள் எட்டு நூல்கள் வெளியாயின. ஒன்று அவர் கணவரின் சிறுவயதைப் பற்றியது. ஏனைய ஏழும் லாரா என்னும் சிறுமியின் பார்வையில், படர்க்கைக் கூற்றாக நடப்பவை. இவற்றைச் செப்பனிடுவதில் மகள் ரோஸ் வைல்டர் லேனுக்குப் பெரும்பங்கு உண்டு. இப்புதினங்களுக்கு முன்பே பெரியவர்களுக்காக வைல்டர் எழுதிய தன்வரலாறு, ‘பயனியர் கேர்ள்’ என்னும் பெயரில், விரிவான குறிப்புரையுடன் 2014இல்தான் அச்சேறியது. 1937இல் டெட்ராய்ட் நகரில் ஆற்றிய உரையில், தாம் எழுதியவை உண்மையே எனினும் முழு உண்மையல்ல என்ற பொருளில் வைல்டரே பேசியுள்ளார். எஞ்சிய உண்மை யாது, அது ஏன் எஞ்சியது என்பன ஆராயத்தக்க வினாக்கள்.

துயரமும் சார்புநிலையும்

குழந்தைகளுக்குத் துயரம் ஆகாது என்பதே விலக்கலுக்குக் காரணம் என எளிதில் கருதலாம். புதினங்களின் அகச்சான்று இதற்கு முழுதும் இசையவில்லை. லாராவின் அக்காள் மேரி கண்பார்வை இழந்தது 1939இல் வந்த ‘பை த ஷோர்ஸ் ஆஃப் சில்வர் லேக்’ நூலின் தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. ‘த லாங் விண்டர்’ (1940) பட்டினியின் விளிம்பைக் காட்டுகிறது. பனிப்புயலால் இரயில் வராது நின்ற 1880–81ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் குடும்பத்தினர் வைக்கோலை முறுக்கி எரிக்கின்றனர். காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு எந்திரத்தில் கோதுமையை அரைத்து உண்கின்றனர்.

ஆயின், 1875இல் பிறந்து 1876இல் இறந்த தம்பி ஃபிரெடி இப்புதினங்களில் இல்லை. அவன் இறந்தது, மினசோட்டாவில் வெட்டுக்கிளிகளால் விளைச்சல் அழிந்தபின் குடும்பம் கிழக்கு நோக்கித் திரும்பிய காலத்தில். அதனையடுத்து அயோவாவின் பர் ஓக் என்னும் ஊரில், பிறருக்குரிய விடுதியில் குடும்பத்தினர் வேலை பார்த்தனர். அந்த ஊரும் தொடரில் இல்லை. சொல்லப்பட்ட துயரங்கள் குடும்பத்துக்குள் நேர்ந்து, குடும்பத்தாலேயே கடக்கப்படுபவை. சொல்லப்படாத துயரமோ, மேற்கு நோக்கிய பயணம் தோற்றுப் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்த காலத்தோடு பிணைந்தது.

வேறு இரு சான்றுகளும் இதனை வலுப்படுத்துகின்றன. அக்கொடிய குளிர்காலத்தில் ஓர் இளந்தம்பதியும் அவர்தம் கைக்குழந்தையும் இங்கல்ஸ் குடும்பத்தாரோடு அதே வீட்டில் தங்கியிருந்ததைத் தன்வரலாறு கூறுகிறது. புதினத்தில் அவர்கள் இல்லை. தனித்து நின்று போராடும் குடும்பமே உள்ளது. மேரி அயோவாவிலிருந்த பார்வையற்றோர் கல்லூரியில் பயின்றபோது கல்விக் கட்டணத்தை டகோட்டா ஆட்சிப்பகுதி அரசு ஏற்றது. புதினங்களிலோ லாரா தைத்தும் பள்ளியில் கற்பித்தும் ஈட்டும் கூலியே முன்னிற்கிறது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டம் ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்தில் வழங்கியது. தந்தை சார்லஸ் இதனை அரசோடு தாம் கட்டிய பந்தயமாகப் பேசுகிறார். கொடை பந்தயமாக மாறும்போது பெற்றவர் வென்றவராகிவிடுகிறார்.

நிறுத்தப்பட்ட வினா

‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி’ (1935) காட்டும் கேன்சஸ் நிலம் அந்தக் கொடையிலும் சேராதது. 1869இல் குடும்பம் வீடு கட்டிய இடம் ஓசேஜ் மக்களுக்குரிய ஒதுக்கீட்டு நிலம். குடியேறுவோருக்கு அது அப்போது திறக்கப்படவில்லை. லாராவுக்கு அங்கு வயது இரண்டு முதல் நான்கு வரை. புதினம் அவளை வளர்ந்த சிறுமியாக்குகிறது. ஆகவே அவளது ‘நினைவு’ பெரும்பகுதி பெற்றோர் சொல்லக் கேட்டதும் பிற்காலத்தில் தேடித் தொகுத்ததுமாகும்.

இப்புதினத்தில் ஓரிடம் கூர்ந்து நோக்கத்தக்கது. இந்தியர்களை அரசு மேற்கே அனுப்பிவிடும் எனத் தந்தை சொல்கிறார். இது அவர்களுடைய நாடல்லவா, வெளியேற நேர்ந்தால் அவர்களுக்குச் சினம் வராதா என லாரா கேட்கத் தொடங்குகிறாள். வினா முடியுமுன் தந்தை அவளை உறங்கச் சொல்லிவிடுகிறார். பின்னர், ஓசேஜ் மக்கள் வரிசையாக வெளியேறும்போது ஒரு குழந்தையின் கண்களைக் கண்டு லாரா அழுகிறாள். ஏன் என்று அவளால் விளக்க இயலவில்லை. எழுத்தாளர் விடை தரவில்லை. எனினும் வினாவை அழிக்கவுமில்லை. இக்குழந்தைப் பார்வை வரலாற்றை மறைக்கும் திரையாக இருக்கும் அதே வேளையில், திரையின் கிழிசலாகவும் அமைகிறது.

எர்ட்ரிச்சின் மறுபுனைவு

டர்டில் மவுண்டன் சிப்பெவா இனக்குழுவைச் சேர்ந்த லூயிஸ் எர்ட்ரிச் எழுதிய ‘த பர்ச்பார்க் ஹவுஸ்’ (1999) இதனோடு ஒப்பிடத்தக்கது. 1847இல் சுபீரியர் ஏரித் தீவொன்றில் வாழும் ஒமகயாஸ் என்னும் ஓஜிப்வே சிறுமியின் ஓராண்டை இந்நூல் பருவங்களின் வரிசையில் கூறுகிறது. உணவு சேமித்தல், தோல் பதனிடுதல், பாட்டி சொல்லும் கதை என வைல்டரின் வாசகர் விரும்பும் இல்வாழ்வு நுட்பங்கள் இங்கும் உள்ளன. ஆனால் பெரியம்மை வருகிறது. ஒமகயாஸின் சிறு தம்பி இறக்கிறான். அவளுடைய துயரை நூல் ஒளிக்கவில்லை. அவள் தேறுவதும் குடும்பத்தின் எல்லையைக் கடந்த உறவுகளின் துணையால்தான். தம்பியின் இறப்பைச் சிறாருக்குச் சொல்ல முடியும் என்பதற்கு இந்நூலே சான்று. அதனைச் சொல்லக்கூடிய கதையில் பிறர் துணை இழிவாகக் கருதப்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது.

முடிவுரை

கேன்சஸ் புதினத்தின் முதல் இயலில், மனிதர் இல்லாத நிலத்தில் இந்தியர் மட்டுமே இருந்தனர் எனப் பொருள்பட்ட தொடர், ஒரு வாசகரின் கண்டனத்துக்குப் பின் 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் திருத்தப்பட்டது. ‘மனிதர்’ என்னும் சொல்லின் இடத்தில் ‘குடியேறியவர்’ என்னும் பொருளுடைய சொல் வந்தது. 2018இல் அமெரிக்கச் சிறார் நூலகச் சேவைச் சங்கம் தன் விருதிலிருந்து வைல்டரின் பெயரை நீக்கியது. இரண்டும் தேவையானவையே. எனினும் ஒரு சொல்லை மாற்றுவதாலோ ஒரு பெயரை நீக்குவதாலோ தன்னிறைவுக் குடும்பம் என்னும் புனைவு கலைந்துவிடாது; அது நூல்தொடரின் அமைப்பிலேயே உள்ளது. இந்நூல்களைச் சிறாரிடமிருந்து விலக்கினால் லாராவின் வினாவும் உடன் விலகும். வைல்டரையும் எர்ட்ரிச்சையும் அருகருகே வைத்துப் படிக்கும் சிறாருக்கு, தந்தை நிறுத்திய அவ்வினாவைத் தாமே கேட்டு முடிக்க வழி பிறக்கும்.