அந்தப் புடவை என்ன நிறம்?

நிறமேற்றிய பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தைப் பார்த்ததும் நம்மில் பலர் சொல்வது, “அப்படியே எதிர்ல நிக்கிற மாதிரி இருக்கே!” நல்ல பாராட்டுதான். ஆனால் அதோடு நகர்ந்துவிட்டால் ரசிக்க வேண்டியதில் பாதிக்கு மேல் தவறிப்போகும். எதிரே நிற்பவரின் சட்டை நீலம் என்று நிறமேற்றியவருக்கு யார் சொன்னது? அதைக் கேட்டுப் பாருங்கள். படம் சூடுபிடிப்பது அப்போதுதான்.

ஏனென்றால் படம் சொல்லியிருக்காது. பழைய ஃபிலிமில் பதிந்தது வெளிச்சத்தின் அளவு மட்டுமே. அரக்குப் புடவையும் கரும்பச்சைப் புடவையும் அதில் ஒரே சாம்பலாக விழுந்துவிடலாம். அந்தச் சாம்பலுக்கு அடியில் அசல் நிறம் பதுங்கியிருக்கிறது, மென்பொருள் அதைத் தோண்டி எடுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பதுங்கியிருக்க அங்கே ஒன்றுமில்லை. மேலே ஏறும் ஒவ்வொரு நிறமும் ஊகம். ஆதாரம் தேடிச் செய்த ஊகமா, கைக்கு வந்ததை அப்பியதா என்பதில்தான் தரம் தெரியும்.

போதாக்குறைக்கு, பழைய ஃபிலிம் பொய்யும் சொல்லும். 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும். அதனால் நீலவானம் வெறும் வெள்ளையாகிவிடும். முகத்தில் லேசாக இருந்த பழுப்புப் புள்ளிகள் திட்டுத்திட்டாகக் கறுக்கும். அடுத்து வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளுக்குப் பச்சையும் மஞ்சளும் பிடிபட்டன, சிவப்பு பிடிபடவில்லை. எல்லா நிறங்களுக்கும் இணங்கும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906இல் கடைக்கு வந்த பிறகும் பழைய வகைகள் நெடுநாள் புழக்கத்தில் இருந்தன. 1914இல் பிரெஞ்சுக் காலாட்படை சிவப்புக் கால்சட்டையோடு போருக்குப் போனது. சிவப்பு தெரியாத தகட்டில் அது கறுத்துவிடும். சீருடை வரலாறு படிக்காதவர் அதற்குக் கருநீலமோ பழுப்போ பூசிவிட்டுப் போய்விடுவார். நம் பாட்டிகளின் நெற்றியில் கறுப்பாகத் தெரிவது சாந்தா, குங்குமமா? அதுவும் இதே வழக்குதான்.

ஆகவே முதலில் அசல் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அசலைக் காட்டாமல் வண்ணப் படத்தை மட்டும் நீட்டுபவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வேலை நடக்கும் விதத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். ஃபோட்டோஷாப்பில் கையால் நிறமேற்றுபவர் பழைய படத்தின் மேல் லேயர் லேயராகச் சாயம் வைப்பார். அந்த லேயர்களைப் பெரும்பாலும் ‘கலர்’ என்ற முறையில் வைப்பது வழக்கம். அது நிறத்தை மட்டும் மாற்றும்; அடியில் உள்ள வெளிச்சத்தையும் இருட்டையும் தொடாது. துணி மடிப்பின் நிழலும் கன்னத்தின் மினுமினுப்பும் அன்று கேமராவுக்குப் பின்னால் நின்றவர் கொடுத்தவை. பாராட்டில் பாதியை அவருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு தோலைப் பாருங்கள். மனித முகம் ஒரே நிறமல்ல. காது, மூக்கு நுனி, கன்னம் இங்கெல்லாம் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சவரம் செய்த தாடை சற்றே நீலம் பாயும். கண்ணின் வெள்ளை சுத்த வெள்ளை அல்ல. இத்தனையும் வைத்தவர் தேர்ந்த கை. நெற்றி முதல் கழுத்துவரை ஒரே சாயம் இழுத்திருந்தால் முகம் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். அடுத்து வெள்ளைத் துணி. புல்தரையில் உட்கார்ந்தவரின் வேட்டியில் கீழ்ப்பக்கம் பச்சை லேசாக ஏறும். திறந்தவெளி நிழலில் வானத்தின் நீலம் கலக்கும். வேட்டி எங்கும் ஒரே வெள்ளையாக இருந்தால் அவசர வேலை.

தானாக நிறமேற்றும் செயலிகளைப் பார்க்க வேறு கண் வேண்டும். அவை லட்சக்கணக்கான வண்ணப் படங்களில் பழகியவை. புல் பச்சை, வானம் நீலம் என்பதில் அவை தடுமாறுவது குறைவு. சட்டை விஷயத்தில்தான் சிக்கல். அது சிவப்பாகவும் இருக்கலாம், நீலமாகவும் இருக்கலாம். எதைச் சொன்னாலும் பிழை அதிகமாகாமல் இருக்க, செயலி எல்லாவற்றுக்கும் நடுவில் உள்ள மங்கிய பழுப்பைப் பிடித்துக்கொள்ளும். 2016இல் பெர்க்லி ஆய்வாளர்கள் அரிய நிறங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்து இந்த மந்தத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். ஆனாலும் அடையாளங்கள் மிச்சமிருக்கின்றன: பாதி சாம்பலாக விட்டுப்போன விரல்கள், ஒரு கை நீலமும் மறு கை பழுப்புமான சட்டை, கழுத்திலிருந்து காலருக்கு வழியும் தோல் நிறம்.

ஆதாரத்தோடு நிறமேற்றுவது எப்படி இருக்கும் என்பதற்கு பிரேசிலின் மரீனா அமரால் 2018இல் செய்த ஒரு படத்தைப் பார்க்கச் சொல்வேன். செஸ்வாவா குவோகா என்ற போலந்துச் சிறுமியை ஆஷ்விட்ஸ் முகாமில் எடுத்த படம் அது. எடுத்தவர் வில்ஹெல்ம் பிராசே, அவரும் கைதி. படம் எடுப்பதற்குச் சற்றுமுன் மேற்பார்வைக்காரி ஒருத்தி அந்தப் பிள்ளையை அடித்ததையும், பிள்ளை கண்ணீரையும் உதட்டு ரத்தத்தையும் துடைத்துக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்ததையும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1943 மார்ச்சில் அவள் இறந்தபோது வயது 14. கறுப்பு-வெள்ளையில் உதட்டுக் காயம் ஒரு கறை. பார்வை அதைத் தாண்டிப் போய்விடும். அமராலின் படத்தில் அது ரத்தம். மார்பில் உள்ள முக்கோணமும் சிவப்பு. அரசியல் கைதிகளுக்கு அந்த நிறம் என்பது முகாமின் விதி. பட்டைச் சீருடைகள் இன்றும் அருங்காட்சியகத்தில் உள்ளன. முக்கியமான மூன்று இடங்களிலும் கைப்பிடிக்க ஆதாரம் இருக்கிறது. மற்ற இடங்களில் நிறம் அடக்கமாக நிற்கிறது.

2021இல் நேர்மாறான ஒன்று நடந்தது. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு ஒருவர் நிறமேற்றினார். சில முகங்களில் அசலில் இல்லாத புன்னகையும் வந்துவிட்டது. கம்போடிய அரசு கண்டித்தது. வெளியிட்ட தளம் படங்களை நீக்கியது. நிறத்தில் ஊகம் பொறுக்கலாம்; முகபாவத்தில் கை வைத்தால் அது வேறு தொழில்.

சினிமாவில் இந்த வேலைக்குச் சில சமயம் அதிர்ஷ்டம் வாய்க்கும். 1960இன் ‘முகல்-இ-ஆஸம்’ 2004இல் முழு வண்ணத்தில் வந்தது. அதன் சில பகுதிகளை ஏற்கெனவே டெக்னிகலரில் எடுத்திருந்ததால் ஒப்பிட அசல் நிறங்கள் படத்துக்குள்ளேயே இருந்தன.

உங்கள் வீட்டு ஆல்பத்துக்கும் அப்படி ஏதாவது ஆதாரம் இருக்கும். செயலியைத் திறக்குமுன் பீரோவைத் திறங்கள். கல்யாணப் பட்டு இன்னும் உள்ளே மடிந்து கிடக்கலாம். இல்லையென்றால் படத்தில் இருப்பவரை அறிந்த மூத்தவர்களைக் கேளுங்கள். படத்தைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து, அசலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். வண்ணப் பிரதியின் பின்பக்கத்தில் எந்த நிறம் விசாரித்தது, எது நீங்களாக வைத்தது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். புடவை மாம்பழ மஞ்சள் என்று அத்தையும், இல்லை, கிளிப்பச்சை என்று சித்தியும் மல்லுக்கு நின்றால் ஆளுக்கொரு பிரதி போட்டுக் கொடுத்துவிடலாம்.