மனைவிளக்கும் நன்றியும்

வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றி வழிபடுதல் தமிழர் இல்லங்களில் வழிவழி வந்த பழக்கம். சுங்கை பினாங்கின் அடுக்குமாடி வீடுகளிலும் அது மறைந்துவிடவில்லை. ஆயின், "எதற்காக விளக்கேற்றுகிறோம்?" என்று பிள்ளைகளைக் கேட்டால், "இலக்குமி வருவாள், பணம் வரும்" என்னும் விடையே பெரிதும் கிடைக்கிறது. மனைவழிபாடு கேட்டுப் பெறுவதற்கு மட்டுமே உரிய வழிதானா? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை இவ்வினாவுக்கு ஒளி தருகிறது.

உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அதன்பின் நெடுநல்வாடையை ஆராய்ந்தோர் பலர், அது அகமா புறமா என்னும் வழக்கிலேயே நின்றுவிட்டனர். அப்பாட்டின் இரு வழிபாடுகளை ஒப்புநோக்கியோர் சிலரே.

முதலாவது, நகரத்து மகளிர் செய்வது. மழை மூடிய நாளாதலின் பகலும் மாலையும் பிரித்தறிய இயலவில்லை. பூந்தட்டில் இட்ட பிச்சியரும்புகள் விரிந்து மணக்கின்றன; அதனால் மாலை வந்ததை மகளிர் அறிகின்றனர். இரும்பு விளக்கில் எண்ணெயூறிய திரியைக் கொளுத்தி, நெல்லையும் பூவையும் தூவிக் கைகூப்புகின்றனர். இவ்விடத்தில் தெய்வத்தின் பெயரும் இல்லை; இன்னது வேண்டும் என்ற சொல்லும் இல்லை.

இரண்டாவது, அரண்மனையில் நிகழ்வது. தலைவனைப் பிரிந்து வருந்தும் அரசியின் துயர் தீர, போர் வெற்றியோடு விரைந்து முடியவேண்டும் என்று வேண்டப்படுகிறது. ஈண்டு வேண்டுதல் வெளிப்படை. அதுவும் வேண்டுவோர் தம் பொருட்டன்று; பிறர் துயர் தீர்தற்பொருட்டு.

நெல் தூவுவதே வளம் வேண்டும் குறிப்பன்றோ எனச் சிலர் வினவலாம். முல்லைப்பாட்டைக் காண்க. அங்கும் முதுபெண்டிர் நெல்லும் முல்லைமலரும் தூவித் தொழுகின்றனர். ஆனால் நற்சொல் கேட்டற்கே அவ்வாறு செய்தனர் என்பதைப் புலவர் விளங்கக் கூறுகிறார். நக்கீரரும் வேண்டுதல் உள்ளவிடத்து அதனைச் சொல்லத் தயங்கவில்லை. ஆகவே, மனைவிளக்கின்முன் அவர் காத்த மௌனம் பொருளுடையது. மகளிர் தூவும் நெல், வீட்டில் ஏற்கெனவே உள்ள வளத்தின் ஒரு பகுதி. பெற்றதிலிருந்து சிறிது எடுத்து முன்வைத்தலை நன்றி எனக் கொள்ளுதலே பாட்டுக்குப் பொருந்துகிறது.

வளம் வேண்டுதல் இழிவென்று கூறவரவில்லை. வறுமையுற்றோர் வேண்டாமல் வேறென் செய்வர்? வேண்டுதல் ஒன்றே வழிபாடு என்று கற்பிப்பதுதான் குறை. பணம் வராத மாதத்தில் அப்பிள்ளைக்கு விளக்கும் பொய்யாய்த் தோன்றும்.

தோட்டத்துப் பிள்ளைகளுள் நெற்கதிரைக் கண்டறியாதார் பலர். அவர்க்கு இப்பகுதி விளங்காதென ஆசிரியர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஒருபிடி நெல்லைக் கையில் கொடுத்து, "உன் வீட்டுக்குச் சோறு வந்த வழி யாது?" என்று கேளுங்கள். விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் தாயையும், வெயிலில் செம்பனைக் குலை அறுக்கும் தந்தையையும் பிள்ளைகளே சொல்வார்கள். அதன்பின் நெடுநல்வாடையைப் படித்துக்காட்டினால், அம்மகளிர் ஏன் ஒன்றும் கேளாது கைகூப்பினர் என்பதற்குத் தனி உரை வேண்டுவதில்லை.