ஊமைச்சியின் சாட்சியம்

1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் தொடங்கிய பத்திரிகைக்கு ‘மூக்நாயக்’ என்று பெயர். ஊமைகளின் தலைவன் என்று பொருள். பேச்சு மறுக்கப்பட்ட சனங்களுக்கு அன்று பொருத்தமான பெயர்தான். அதற்குப் பிறகு தலித் எழுத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘ஊமைகள் வாய் திறந்தார்கள்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நிஜமாகவே காது கேளாத, வாய் பேசாத தலித் பெண் இந்த உவமைக்குள் காணாமல் போய்விட்டாள்.

பாமாவின் ‘சங்கதி’ (1994) நாவலை இந்த இடத்தில் வைத்து வாசிக்க வேண்டும். அதில் ராக்கம்மா, அடிக்கிற புருஷனைத் தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். அந்தச் சத்தம்தான் அவளைக் காப்பாற்றுகிறது. அதைக் கொச்சை என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை, அது ஆயுதம். என் கேள்வி வேறு. நாக்குதான் ஆயுதம் என்றால், பேச முடியாதவள் எதை எடுப்பாள்?

பாமாவின் தென்மாவட்டத் தெருவிலிருந்து எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இந்தக் கேள்வியைக் கொண்டுவருகிறேன். இங்கே கூலிச் சனங்களைப் பற்றிய எழுத்தில் பண்ணையாரின் சாட்டையடியும் சாணிப்பாலும் வந்தன. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேர் வந்தார்கள். வரத்தான் வேண்டும். ஆனால் குடிசைக்குள் ஓங்கிய புருஷன் கை அந்த அளவுக்கு வரவில்லை. நடவு வயலில் பக்கத்து ஆள் கையைப் பார்த்தே வரிசை பிடித்து நடுகிற ஊமைச்சியை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவளுக்கும் பெயர் உண்டு. தெரு அதைச் சொல்லாது. ராத்திரி அவள் அலறினால், “ஊமச்சி கத்துதுடி, அது எப்பவும் அப்படித்தான்” என்று புரண்டு படுத்துக்கொள்ளும். ராக்கம்மா கத்தினால் தெரு கூடுகிறது. இவள் கத்தினால் கூடுவதில்லை. இவளுக்குக் குரல் இல்லாமலில்லை. அந்தக் குரலுக்கு அர்த்தமில்லை என்று தெரு முடிவு பண்ணிவிட்டது.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. பாலியல் குற்றம், அமிலவீச்சு போன்றவற்றில், மாற்றுத்திறனாளி பெண்ணின் புகாரை அவள் இருக்கிற இடத்துக்கே போய், மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வைத்துக்கொண்டு, வீடியோவில் பதிய வேண்டும் என்று 2013இல் திருத்தம் வந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது இருக்கிறது. புருஷன் வீட்டுக் கொடுமை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அடிக்கிறவனும் தலித் என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் செல்லாது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். சரி, அங்கே அவள் சைகையை யார் எடுத்துச் சொல்வது? கூட வந்த மாமியாரா, அடித்த புருஷனேவா?

பள்ளிக்கூடம் போகாத பெண்ணின் சைகை, நகரத்தில் கற்றுத்தருகிற சைகைமொழி அல்ல. வீட்டிலும் வயலிலும் அவளே உண்டாக்கிக்கொண்டது. அதனால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதாது; அவளோடு வருஷக்கணக்கில் நாற்று நட்ட பொம்பளையும் பக்கத்தில் உட்கார வேண்டும். அவளுக்குத் தெரியும், எந்த விரல் எதைச் சொல்கிறதென்று. இயக்கத் தோழர்கள் அப்படிப்பட்டவர்களை இப்போதே தேடி வைத்திருக்க வேண்டும். அடி விழுந்த பிறகு தேடினால் மாமியார்தான் கிடைப்பாள்.

எழுதுகிறவர்களுக்கும் இதேதான். அவளை உவமையாக்கினது போதும். அவள் கை சொல்வதை, அது தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு, அவள் பெயரைப் போட்டு எழுதலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டு எழுதுங்கள்.