'கேட்டும்', 'கேட்டாலும்'

"பன்முறை கேட்டாலும் குழாய்நீர் கிடைக்கவில்லை" என்று ஒரு விண்ணப்பம் எழுதப்படுமாயின், "உண்மையில் கேட்டீர்களா?" என அலுவலர் வினவ இடமுண்டு. "பன்முறை கேட்டும் கிடைக்கவில்லை" என்றால் அவ்வினா எழாது.

'கேட்டு' என்பது இறந்தகால வினையெச்சம். அதனோடு உம்மை சேர, செயல் நடந்தது உறுதியாகிறது. 'கேட்டால்' என்பதோ நிபந்தனை. நடந்ததென்றும் கூறாது, நடக்கவில்லையென்றும் கூறாது. 'கேட்பினும்' என்னும் பழைய வடிவும் இத்தகையதே. பவணந்தியார் நன்னூலில் 'செய்து' என்னும் வாய்பாட்டை இறந்தகாலத்திற்கும், 'செயின்' என்பதை எதிர்காலத்திற்கும் உரிமையாக்கியது ஈண்டு நோக்கத்தக்கது.

தைப்பூசத்திற்கு முந்தைய நாள் ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலை செல்லும் வெள்ளித்தேரை எண்ணுக. "மழை பெய்தும் தேர் நிற்கவில்லை" என்பது கண்டவர் கூற்று. "மழை பெய்தாலும் தேர் நிற்காது" என்பது நம்புவோர் கூற்று. ஸ்பானிய மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. அங்கே 'ஆவுங்கே' என்னும் இணைப்புச்சொல் மாறாது. பின்வரும் வினையின் ஈறே மாறும். 'யுவேவே' எனின் மழை பெய்கிறது என்பது செய்தி; 'யுவேவா' எனின் பெய்தாலும் பெய்யட்டும் என்பது கருத்து. கேட்போர் முன்பே அறிந்த உண்மையை ஒப்புக்கொண்டு மேற்செல்லவும் இப்பின்னைய வடிவு உதவும். நம் 'ஆலும்' அவ்வாறே பயில்கிறது: "அவன் உன் தம்பியானாலும் குற்றம் குற்றமே." ஆதலின், உள்ள உண்மையைக் குறிக்க 'ஆலும்' வருவதைப் பிழையென்று அடித்துவிடுதல் மிகையாகும். ஆனால், நடந்ததற்குச் சான்று பகரவேண்டிய இடத்தில் 'உம்' ஒன்றே போதிய வலிமையுடையது.

பினாங்கு மாணவர் நாள்தோறும் கேட்கும் மலாய்மொழியில் 'வாலாவ்புன்' என்னும் சொல் இரண்டிற்கும் பொது, வினையும் வேறுபடாது. அதனைத் தமிழாக்குங்கால் எங்கும் 'ஆலும்' என்றே எழுதிவிடும் பழக்கம் எளிதில் வந்துவிடும். ஆசிரியர் இதனைத் திருத்துதல் நன்று.

அவ்வாசிரியரும் தம் எழுத்தை நோக்குதல் வேண்டும். "எடுத்துரைத்தும் கற்கவில்லை" என்று ஒரு மாணவனைப் பற்றி எழுதினால், அது நடந்ததைக் கூறும் குறிப்பு. "எடுத்துரைத்தாலும் கற்கமாட்டான்" என்றால், அது வருங்காலத்திற்கும் சேர்த்து வழங்கிய தீர்ப்பு. முன்னதில் அம்மாணவனுக்கு நாளை என்பது உண்டு, பின்னதில் இல்லை.